இறக்கை ஓரத்தில் ஒரு சின்னப் பலகை... அதற்காக ஆண்டுக்கணக்கில் கோர்ட் ஏறிய கிளென் கர்டிஸ் யார்?

விமானத்தில் ஜன்னலோர சீட், அதுவும் இறக்கைக்குக் கொஞ்சம் பின்னாடி கிடைத்தால் ஒரு விஷயத்தைக் கவனிச்சிருப்பீங்க. விமானம் திரும்பப் போகும்போது, இறக்கையின் பின்விளிம்பில் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னப் பலகை லேசாக மேலே எழும்பும், இல்லன்னா கீழே இறங்கும். அடுத்த நொடி நூற்றுக்கணக்கான பேரைச் சுமந்த மொத்த விமானமும் ஒரு பக்கமாகச் சாயும். கொஞ்ச நேரத்தில் பலகை பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் விமானம் சாய்ந்தபடியே வளைந்து போய்க்கொண்டிருக்கும்.

அந்தப் பலகைக்குப் பெயர் ஏலரான். பிரெஞ்சு மொழியில் குட்டி இறக்கை என்று அர்த்தம். இன்று பெரும்பாலும் எல்லா விமானத்திலும் இது இருக்கிறது. ஆனால் 1909-ல் அமெரிக்காவில் இந்தப் பலகையை வைத்து ஒருவர் விமானம் விற்றார் என்பதற்காக வழக்கு போட்டார்கள். வழக்கு போட்டது வேறு யாருமில்லை, ரைட் சகோதரர்கள். வழக்கில் மாட்டியவர் கிளென் கர்டிஸ்.

ரைட் சகோதரர்களை நம்ம ஊர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். கர்டிஸ் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

சைக்கிள் கடையிலிருந்து...

1878 மே 21. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கியூகா ஏரிக்கரையில் இருக்கும் ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற சின்ன ஊரில் கர்டிஸ் பிறந்தார். திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அப்பா குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. கர்டிஸ் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தங்கை ருத்தாவுக்கு மூளைக்காய்ச்சலால் காது கேட்காமல் போனது. அவரைக் காது கேளாதோர் பள்ளியில் சேர்ப்பதற்காகக் குடும்பம் ரோசெஸ்டர் நகரத்துக்கு இடம் மாறியது.

கர்டிஸ் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அப்புறம் வேலை. பின்னாளில் கோடாக் என்று உலகப் புகழ் பெற்ற ஈஸ்ட்மேன் கம்பெனியில் கொஞ்ச காலம், தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாகக் கொஞ்ச காலம். தந்தி கொடுக்க சைக்கிள் வேண்டும். அந்த சைக்கிள்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. சைக்கிள் பந்தயத்தில் இறங்கினார், ஜெயித்தார், சொந்தமாக சைக்கிள் கடை போட்டார். 1898-ல் லீனா நெஃப் என்பவரைத் திருமணம் செய்தபோது அவருக்கு வயது 19.

மிதித்தது போதும் என்று தோன்றியதோ என்னவோ, 1901 வாக்கில் சைக்கிளில் எஞ்சின் பொருத்த ஆரம்பித்தார். கார்புரேட்டர் கிடைக்கவில்லை. காலியான தக்காளி சூப் டப்பா ஒன்றை எடுத்து அதையே கார்புரேட்டர் ஆக்கிவிட்டார். இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அங்கிருந்து ஆறே ஆண்டில் அவர் எங்கே போய் நின்றார் என்று பாருங்க. 1907 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில், தானே செய்த 8 சிலிண்டர் எஞ்சினைப் பூட்டிய மோட்டார்சைக்கிளில் மணிக்கு சுமார் 219 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தார். ஒரு மைல் தூரத்தைக் கடக்க 26.4 விநாடி. திரும்பி வரும்போது வண்டியின் இணைப்பு உடைந்து, ஃபிரேம் வளைந்துபோனது. விழாமல் நிறுத்தியதே பெரிய விஷயம். அதிகாரப்பூர்வ சாதனைப் பட்டியலில் அது சேரவில்லை. ஆனாலும் உலகின் வேகமான மனிதர் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின.

ஒன்றை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்க. சைக்கிளோ பைக்கோ ஓட்டுபவருக்கு வளைவில் என்ன செய்யணும்னு உடம்புக்கே தெரியும். ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினால் போதாது, வண்டியைச் சாய்க்கணும். இந்த விஷயம் பின்னாடி வரும்.

ரைட் சகோதரர்களுடன் ஒரு சந்திப்பு

கர்டிஸின் எஞ்சின் எடை குறைவு, சக்தி அதிகம். வானில் மிதக்கும் ஏர்ஷிப் ஓட்டிய தாமஸ் பால்ட்வின் என்பவர் அந்த எஞ்சினை வாங்கினார். 1906 செப்டம்பரில் பால்ட்வினின் ஏர்ஷிப் ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரத்துக்கு வந்தபோது, எஞ்சினைப் பார்த்துக்கொள்ள கர்டிஸும் வந்தார். டேட்டன் ரைட் சகோதரர்களின் ஊர். மூவரும் சந்தித்தார்கள், பேசினார்கள். தாங்கள் பறந்த படங்களை ரைட் சகோதரர்கள் காட்டினார்கள். அன்று யாருக்கும் யார் மேலும் கோபமில்லை.

அந்த ஆண்டு மே மாதம்தான் வில்பர், ஆர்வில் ரைட் இருவருக்கும் காப்புரிமை கிடைத்திருந்தது. ரொம்ப பேர் நினைப்பது போல அந்தக் காப்புரிமை எஞ்சினுக்கோ பறப்பதற்கோ கிடைத்ததல்ல. விமானம் பக்கவாட்டில் கவிழாமல் கட்டுப்படுத்தும் முறைக்குக் கிடைத்தது. அவர்கள் செய்தது இறக்கையையே முறுக்குவது. ஒரு நீளமான அட்டைப்பெட்டியை இரண்டு முனையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. விமானி இடுப்பை அசைத்தால் கம்பிகள் இழுக்கும், ஒரு பக்க இறக்கை நுனி ஒரு விதமாகவும் மறுபக்க நுனி வேறு விதமாகவும் திரும்பும்.

இதை ஏன் பெரிய கண்டுபிடிப்பு என்கிறோம்? அன்றைக்கு ஐரோப்பாவில் பலர் விமானத்தைப் படகு மாதிரி நினைத்தார்கள். சுக்கானைத் திருப்பினால் திரும்பும், அவ்வளவுதான் என்று. ஆனால் காற்றில் அது சரிப்படாது. சுக்கானை மட்டும் திருப்பினால் மூக்கு திரும்பும், உடம்பு பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பக்கம் காற்று அடித்து இறக்கை தாழ்ந்தால் அதை நிமிர்த்த வழியே இல்லை. சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்களுக்கு இது புரிந்திருந்தது. இன்னொரு சைக்கிள் கடைக்காரரான கர்டிஸுக்கும் புரியாமல் போகுமா?

பனி ஏரியில் விழுந்த சிவப்பு இறக்கை

1907 அக்டோபரில், டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு சின்னக் குழுவை ஆரம்பித்தார். பெயர் வான்வழிச் சோதனைச் சங்கம். பணம் போட்டது பெல்லின் மனைவி மேபல். மொத்தம் ஐந்து பேர்: பெல், கனடாவைச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் கேசி பால்ட்வின், மெக்கர்டி, ராணுவ லெஃப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ், எஞ்சின் நிபுணராக கர்டிஸ். (இந்த பால்ட்வின் வேறு, ஏர்ஷிப் பால்ட்வின் வேறு.)

1908 ஜனவரியில் செல்ஃப்ரிட்ஜ் ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதி சில தொழில்நுட்ப விவரங்கள் கேட்டார். அவர்களும் ஒளிக்காமல் பதில் எழுதினார்கள், தங்கள் காப்புரிமையையும் பார்க்கச் சொன்னார்கள். பின்னாடி வந்த கசப்புக்கு இந்தக் கடிதம் ஒரு முக்கியமான காரணம்.

குழுவின் முதல் விமானம் ரெட் விங். 1908 மார்ச் 12-ல் உறைந்துபோன கியூகா ஏரியின் பனிமேல் ஓடி, சுமார் 97 மீட்டர் பறந்தது. ஓட்டியவர் பால்ட்வின். ஐந்து நாள் கழித்து மறுபடி கிளப்பினார்கள். பக்கவாட்டிலிருந்து காற்று தள்ளியது, ஒரு இறக்கை தாழ்ந்தது, விமானம் நொறுங்கியது. பால்ட்வினுக்குப் பெரிய காயமில்லை. ஆனால் குழுவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ரெட் விங்கில் சுக்கான் இருந்தது, மூக்கை ஏற்றி இறக்க வசதி இருந்தது, சாய்வைச் சரிசெய்ய மட்டும் ஒன்றுமே இல்லை.

அடுத்த விமானமான ஒயிட் விங்கில் இறக்கைகளின் நுனியில் முக்கோண வடிவில் அசையும் பலகைகளை வைத்தார்கள். இறக்கையை முறுக்காமல் நுனியில் தனியாக அசையும் பாகங்களை வைக்கலாம் என்ற யோசனை பெல்லின் கடிதம் ஒன்றில் இருக்கிறது. ஆக, ஏலரானைக் கண்டுபிடித்தவர் கர்டிஸ் என்று சில இடங்களில் எழுதுவது சரியில்லை. இன்னும் சொல்லப்போனால் இங்கிலாந்தில் மேத்யூ போல்டன் என்பவர் 1868-லேயே இதே மாதிரி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது விமானமே கிடையாது என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரான்சில் எஸ்னோ பெல்ட்ரி 1904-ல் தன் கிளைடரில் இதை வைத்துப் பார்த்தார். கர்டிஸின் பங்கு, அதைச் சரியாக வேலை செய்யவைத்து, பறந்து காட்டி, விற்கும் பொருளாக ஆக்கியது.

சரி, இந்தப் பலகை என்ன செய்கிறது?

நீங்கள் வலது பக்கம் சாயணும்னு வைத்துக்கொள்ளுங்க. விமானி ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுவார். வலது இறக்கையின் ஏலரான் மேலே எழும்பும், அதே நேரத்தில் இடது இறக்கையின் ஏலரான் கீழே இறங்கும். கீழே இறங்கிய பக்கத்தில் இறக்கையின் வளைவு கூடுகிறது, காற்றை அது அதிகமாகக் கீழே தள்ளுகிறது, அதனால் அந்த இறக்கையை மேலே தூக்கும் விசை அதிகமாகிறது. மேலே எழும்பிய பக்கத்தில் தூக்குவிசை குறைகிறது. இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. விமானம் மூக்கிலிருந்து வால் வரை போகும் ஒரு கற்பனைக் கம்பியைச் சுற்றி உருளும். இதைத்தான் ரோல் என்கிறார்கள்.

பலகை ஏன் நுனியில் இருக்கிறது? கதவைத் தள்ளிப் பாருங்க. கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் நகராது, கைப்பிடி இருக்கும் ஓரத்தில் ஒரு விரலால் தள்ளினாலே திறக்கும். அதே கதைதான். உடம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பலம்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. ஏலரான் எவ்வளவு அசைகிறது என்பது எவ்வளவு சாயும் என்பதைச் சொல்லாது, எவ்வளவு வேகமாகச் சாய்ந்துகொண்டே போகும் என்பதைத்தான் சொல்லும். வேண்டிய அளவு சாய்ந்ததும் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்தால் உருளுவது நின்றுவிடும், சாய்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும். நிமிர்த்த எதிர்ப்பக்கம் தள்ளணும். நீங்க ஜன்னலில் பார்த்தபோது பலகை திரும்பி வந்தும் விமானம் சாய்ந்தே இருந்ததற்குக் காரணம் இதுதான். விமானம் சாய்ந்தால் தூக்குவிசையும் சாய்ந்து, அதில் ஒரு பங்கு விமானத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பில்தான் விமானம் வளைந்து திரும்புகிறது.

ஒயிட் விங்கில் ஸ்டிக் கிடையாது. விமானியின் தோளோடு ஒரு சட்டத்தை இணைத்திருந்தார்கள். விமானம் இடது பக்கம் தாழ்ந்தால் ஓட்டுபவர் வலது பக்கம் சாய்வார், சட்டம் கம்பியை இழுக்கும், பலகைகள் அசையும், விமானம் நிமிரும். பைக் பந்தயக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? 1908 மே மாதம், தன் 30-வது பிறந்தநாளை ஒட்டி, முதல்முறையாக விமானம் ஓட்டிய கர்டிஸ் 310 மீட்டர் போய் இறங்கினார். குழுவில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

ஜூலை 4: ஊரே பார்த்த பறப்பு

குழுவின் மூன்றாவது விமானம் ஜூன் பக். பெயர் வைத்தவர் பெல். 1908 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கூட்டம் கூடியது. ஒரு கிலோமீட்டர் நேராகப் பறந்தால் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையின் கோப்பை. கர்டிஸ் நிற்காமல் சுமார் 1,550 மீட்டர் பறந்தார். நேரம் 1 நிமிடம் 42.5 விநாடி. ரைட் சகோதரர்கள் இதைவிடப் பல மடங்கு தூரம் பறந்தவர்கள்தான். ஆனால் அதுவரை அமெரிக்காவில் யாரும் முன்கூட்டியே நாள் குறித்து, பொதுமக்கள் முன்னால் இப்படிப் பறந்து காட்டவில்லை.

சில வாரங்களில் ஆர்வில் ரைட்டிடமிருந்து கடிதம் வந்தது. தங்கள் காப்புரிமையில் உள்ளதைக் காசுக்காகக் காட்சி நடத்தவோ வியாபாரத்துக்கோ பயன்படுத்த அனுமதி தரவில்லை என்பது அதன் சாரம்.

அந்த செப்டம்பர் 17-ல் ஒரு பெரும் சோகம். ராணுவத்துக்காக ஆர்வில் ஓட்டிக் காட்டிய விமானத்தில் செல்ஃப்ரிட்ஜ் உடன் சென்றார். புரொப்பல்லர் உடைந்து விமானம் விழுந்தது. ஆர்வில் படுகாயத்துடன் பிழைத்தார், செல்ஃப்ரிட்ஜ் இறந்துவிட்டார். எஞ்சின் பூட்டிய விமானத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர். பெல்லின் குழு 1909-ல் கலைந்தது.

வழக்கு

1909-ல் கர்டிஸ் நியூயார்க் விமானச் சங்கம் ஒன்றுக்கு ஒரு விமானத்தை 5,000 டாலருக்கு விற்றார். இதோடு ரைட் சகோதரர்களின் பொறுமை போனது. ஆகஸ்டில் வழக்கு போட்டார்கள். அப்போது கர்டிஸ் பிரான்சில் ரைம்ஸ் நகரத்தில் உலகின் முதல் பெரிய விமானப் போட்டிக்கு வந்திருந்தார். கையில் ஒரே ஒரு விமானம், மாற்று எஞ்சின்கூட இல்லை. அதை வைத்தே கார்டன் பென்னட் கோப்பையை ஜெயித்தார். ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து ஒரு மாதமே ஆன லூயி பிளேரியோவைவிட 20 கிலோமீட்டரில் சுமார் 6 விநாடி முந்தினார். வீரனாக ஊர் திரும்பியவருக்கு கோர்ட் நோட்டீஸ் காத்திருந்தது.

வழக்கின் மையத்தில் இருந்தது ஒரு தொழில்நுட்பக் கேள்வி. இறக்கையை முறுக்குவதும் ஏலரானை அசைப்பதும் ஒன்றா, வேறா?

ரைட் தரப்பு சொன்னது: முறுக்கினாலும் சரி, பலகையை அசைத்தாலும் சரி, இரண்டு பக்க ஓரங்களும் காற்றை வெவ்வேறு கோணத்தில் சந்திக்கின்றன. அந்தத் தத்துவம்தான் எங்களுடையது. காப்புரிமையையும் அவர்கள் அந்த அளவுக்கு விரிவாகவே எழுதி வாங்கியிருந்தார்கள்.

கர்டிஸ் தரப்பின் பதில் கொஞ்சம் நுணுக்கமானது. தூக்குவிசை கூடும் பக்கத்தில் காற்றின் இழுவையும் கூடும். வலது பக்கம் சாய நினைக்கும்போது, இடது இறக்கை மேலே போகும், கூடவே பின்னோக்கியும் இழுபடும். அதனால் மூக்கு தவறான திசையில், இடது பக்கம் ஒதுங்கும். இதைச் சமாளிக்க ரைட் சகோதரர்கள் முறுக்கும் கம்பியோடு சுக்கானையும் இணைத்திருந்தார்கள். காப்புரிமையில் அதுவும் உண்டு. கர்டிஸ் தன் ஏலரான்களை மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில், தனியாக வைத்திருந்தார். சாதாரணமாகப் பறக்கும்போது அவை காற்றுக்கு நேராக இருக்கும், அசைக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக எதிரெதிரே சாயும். எனவே இரண்டு பக்க இழுவையும் சமம், மூக்கு ஒதுங்காது, சுக்கானை இணைக்கத் தேவையே இல்லை, ஆகவே இது வேறு முறை என்பது அவர் வாதம்.

வாதத்தில் பொறியியல் இருக்கிறது. ஆனாலும், என் பார்வையில், அடிப்படை யோசனை ஒன்றுதான். இறக்கை முனைகளில் தூக்குவிசையை வேறுபடுத்தித்தான் விமானத்தைப் பக்கவாட்டில் ஆள முடியும் என்பதைப் பறந்து நிரூபித்தவர்கள் ரைட் சகோதரர்கள். அதற்கு நல்ல கருவி எது என்பதில் கர்டிஸ் பக்கம் ஜெயித்தது. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். கோர்ட்டில் ஒன்றுதான் ஜெயிக்க முடியும்.

1910 ஜனவரியில் பஃபலோ நகர நீதிபதி ஹேசல் கர்டிஸுக்கு இடைக்காலத் தடை விதித்தார். ஜூனில் மேல்முறையீட்டில் தடை நீங்கியது. 1913-ல் ஹேசல் மறுபடியும் ரைட் பக்கம் தீர்ப்பளித்தார். 1914 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கர்டிஸ் தோற்றார்.

இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. 1910 மே 29-ல் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை ஹட்சன் நதியைத் தொடர்ந்து பறந்து 10,000 டாலர் பரிசு வென்றார். வானில் இருந்த நேரம் 2 மணி 51 நிமிடம். ஸ்டார்ம் கிங் மலைக்குப் பக்கத்தில் காற்று விமானத்தைத் தூக்கிப் போட்டது. விமானம் சட்டென்று இறங்கி, பக்கவாட்டில் ஆட்டம் கண்டது. வழக்கில் இருந்த அதே பலகைகள்தான் அங்கே அவரை நிமிர்த்தின. அந்த நவம்பரில் யூஜின் ஈலி கர்டிஸ் விமானத்தில் ஒரு போர்க்கப்பலிலிருந்து கிளம்பினார், 1911 ஜனவரியில் இன்னொரு கப்பலில் இறங்கினார். விமானந்தாங்கிக் கப்பல் என்ற யோசனையின் தொடக்கம் அது. அதே ஜனவரியில் கர்டிஸ் சான் டியேகோவில் தண்ணீரிலிருந்து எழும்பி, தண்ணீரிலேயே இறங்கும் விமானத்தை ஓட்டினார்.

1912 மே 30-ல் வில்பர் ரைட் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார், வயது 45. வழக்குக்காக ஊர் ஊராக அலைந்ததுதான் அண்ணனின் உடம்பைக் கெடுத்தது என்று ஆர்வில் நம்பினார். அதன்பிறகு இது வெறும் காசு விவகாரமாக இல்லை.

கர்டிஸ் செய்த தப்பு

தோற்றபிறகு கார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்ட் தன் வக்கீலை அனுப்பி உதவினார். அவர் சொன்ன வழி வேடிக்கையானது. இரண்டு ஏலரானும் ஒரே நேரத்தில் எதிரெதிரே அசைவதைத்தானே காப்புரிமை பேசுகிறது? ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் அசையட்டும்! கர்டிஸ் அப்படியே மாற்றினார். ஆர்வில் மறுபடி வழக்கு போட்டார்.

இன்னொரு காரியம் அவ்வளவு லேசாக விட முடியாதது. 1903-ல், ரைட் சகோதரர்கள் பறப்பதற்குச் சில நாள் முன்பு, சாமுவேல் லாங்லி என்ற அறிவியலாளரின் விமானம் நதியில் விழுந்து தோற்றிருந்தது. 1914-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதை கர்டிஸிடம் கொடுத்தது. அது பறக்கக்கூடியதுதான் என்று நிரூபித்தால் ரைட் காப்புரிமையின் பலம் குறையும். கர்டிஸ் அதைச் செப்பனிட்டு, மிதவைகள் பொருத்தி, மே 28-ல் கியூகா ஏரியில் சிறிது தூரம் பறக்கவைத்தார். ஆனால் செப்பனிடும்போது இறக்கை உட்படப் பல பாகங்களை மாற்றியிருந்தார்கள். அதைச் சொல்லாமல், பறக்கும் திறன் கொண்ட முதல் விமானம் இதுதான் என்று ஸ்மித்சோனியன் காட்சிக்கு வைத்தது. வெறுத்துப்போன ஆர்வில் 1928-ல் தங்கள் முதல் விமானத்தை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942-ல்தான் ஸ்மித்சோனியன் தவறை ஒப்புக்கொண்டது. 1948-ல் அந்த விமானம் அமெரிக்கா திரும்பியபோது ஆர்வில் உயிரோடு இல்லை. கர்டிஸின் வாழ்க்கையில் இது ஒரு கறை.

முடித்துவைத்த உலகப்போர்

இன்னொரு பக்கம், விமானங்கள் வேகமாகிக்கொண்டே போயின. வேகம் கூடினால் இறக்கை உறுதியாக இருக்கணும். உறுதியான இறக்கையை முறுக்க முடியாது. உலகம் முழுக்க ஏலரானுக்கு மாறியது. 1915-ல் ரைட் கம்பெனியே தன் மாடல் கே விமானத்தில் ஏலரான் வைத்தது. அதே ஆண்டு ஆர்வில் கம்பெனியை விற்றுவிட்டு ஒதுங்கினார்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. ஆயிரக்கணக்கில் விமானம் வேண்டும், ஆனால் ஆளாளுக்குக் காப்புரிமையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரசு அழுத்தம் கொடுத்து எல்லாக் காப்புரிமைகளையும் ஒரு பொது அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. உறுப்பினர்கள் ஒரு கட்டணம் கட்டிவிட்டு யாருடையதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வழக்கு அதோடு ஓய்ந்தது.

போரில் கர்டிஸின் ஜென்னி என்ற பயிற்சி விமானம் 6,000-க்கும் மேல் தயாரானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அன்றைய விமானிகளில் பெரும்பாலோர் பழகியது அதில்தான். அதிகம் தயாரான மாடலில் தோள்பட்டைச் சட்டம் இல்லை. ஸ்டிக்கைத் தள்ளினால் மேல் இறக்கையின் ஏலரான்கள் அசையும், சுக்கானுக்குக் காலால் மிதிக்கும் கட்டை. கை ஒரு பக்கம் போனால் காலும் அதே பக்கம் கொஞ்சம் மிதிக்கணும், மூக்கு ஒதுங்காமல் இருக்க. கோர்ட்டில் வருஷக்கணக்கில் பேசிய அந்த இழுவை விவகாரத்தை மாணவர்கள் முதல் சில வகுப்பிலேயே காலால் கற்றுக்கொண்டார்கள். இன்றும் விமானப் பயிற்சியில் இது உண்டு. பின்னாளில் கீழே இறங்குவதைவிட மேலே எழும்புவது அதிகமாக இருக்கும்படி ஏலரானை அமைத்து, இந்தப் பிரச்சினையை ஓரளவு குறைத்தார்கள். பெரிய ஜெட் விமானங்களில் இறக்கையின் மேலே எழும்பும் ஸ்பாய்லர் பலகைகளும் கூடச் சேர்ந்து சாய்க்கின்றன. 

போர் முடிந்ததும் உபரி ஜென்னிகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. 1923-ல் 500 டாலருக்கு ஒன்றை வாங்கியவர்களில் ஒருவர் சார்லஸ் லிண்ட்பெர்க்.

கர்டிஸ் மெல்ல விமானத் தொழிலிலிருந்து விலகினார். ஃபுளோரிடாவுக்குப் போய் ஹயாலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஓபா-லாக்கா என்று நகரங்களை உருவாக்கினார். வழக்கு மட்டும் அவரை விடவில்லை. 1909-ல் அவரோடு கூட்டுச் சேர்ந்து பிறகு பகையான அகஸ்டஸ் ஹெரிங்கின் தரப்பு தொடர்ந்து நடத்திவந்த பழைய வழக்கு இருந்தது.

1929-ல் கர்டிஸ் பெயரிலான கம்பெனியும் ரைட் பெயரிலான கம்பெனியும் ஒன்றாக இணைந்தன. புதிய பெயர் கர்டிஸ்-ரைட். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. பெயரில் கர்டிஸ் முன்னால் வந்தது ஆர்வில்லுக்குப் பிடித்திருக்குமா என்பது வேறு கதை.

1930 மே மாதக் கடைசியில், 20 ஆண்டுக்கு முந்தைய அந்தப் பயணத்தின் நினைவாக, கர்டிஸ் ஆல்பனியிலிருந்து நியூயார்க்குக்கு மறுபடி பறந்தார். இந்தமுறை திறந்தவெளியில் உட்கார்ந்து அல்ல, காண்டோர் என்ற இரட்டை எஞ்சின் பயணிகள் விமானத்தின் கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டு. சில வாரங்கள் கழித்து, ஹெரிங் வழக்குக்காக ரோசெஸ்டர் வந்திருந்தபோது குடல்வால் அழற்சி வந்தது. பஃபலோ மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் ஏற்பட்ட சிக்கலில் ஜூலை 23-ல் உயிர் பிரிந்தது. வயது 52. ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.